வேலியில போன ஓணான்: விலங்குப் பழமொழிகளுக்கு ஓர் அறிமுகம்

“வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, இப்ப குத்துது குடையுதுன்னா எப்படி?”

தனக்குச் சம்பந்தமில்லாத வம்பில் தானாகப் போய் மாட்டிக்கொண்டு, அப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிற ஆளைப் பார்த்துச் சொல்வது இது. “வேண்டாத விஷயத்தில் தலையிட்டது உன் தப்பு” என்று நேராகச் சொன்னால் சண்டைதான் வரும். ஓணானை நடுவில் கொண்டுவந்து விட்டால், திட்டு வாங்குகிறவரே பாதி சிரித்துவிடுவார். சொல்ல வந்ததும் சுருக்கென்று தைத்துவிடும்.

ஆடு, மாடு, நாய், நரி, காக்கை, கொக்கு, நண்டு, எறும்பு என்று ஊரில் நடப்பது, ஊர்வது, பறப்பது எல்லாவற்றையும் வைத்துத் தமிழில் பழமொழிகள் உண்டு. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பொருளும் ஏறக்குறையத் தெரியும். ஆனால் ஏன் அந்த விலங்கு, ஏன் அந்த இடம் என்று கேட்டால் பலருக்குச் சொல்ல வராது. நகரத்தில் வளர்ந்தவர்களுக்கும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் இது இன்னும் சிரமம். இவற்றைப் பிடித்துக்கொள்ள நான் நம்புகிற வழி ஒன்றுதான்: மனிதரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்த விலங்கைப் பார்ப்பது.

ஓணானையே எடுத்துக்கொள்ளுங்கள். முள்வேலியின் மேல்குச்சியில் உட்கார்ந்து, தலையை ஆட்டிக்கொண்டு, பூச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆள் கிட்டே போனால் கடிக்க வராது. குச்சியின் மறுபக்கம் நகர்ந்து ஒளிந்துகொள்ளும். அது பாட்டுக்கு அது இருக்கிறது, யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் சொரசொரப்பான செதில், முதுகில் முள் வரிசை, கூரான நகம் எல்லாம் உண்டு. பிடித்து வேட்டி மடிப்புக்குள் விட்டால், வெளியேற வழி தேடிப் பிறாண்டத்தான் செய்யும். தப்பு ஓணான் மேல் இல்லை என்பதுதான் இந்தப் பழமொழியின் உயிர். ஓணானுக்குப் பதிலாகத் தேளை வைத்துச் சொல்லிப் பாருங்கள், பொருளே மாறிவிடும். தேள் வேலியில் இருந்தாலும் தேள்தான்.

எது பழமொழி?

தொல்காப்பியம் செய்யுளியலில் இதை ‘முதுமொழி’ என்கிறது. நுண்மை, சுருக்கம், ஒளி, எளிமை ஆகிய குணங்களோடு வந்து, சொல்ல வந்த பொருளை முடித்துக் காட்டக் காரணமாக நிற்பது முதுமொழி என்பது அங்கே சொல்லப்படும் இலக்கணம். கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ஏற்கெனவே ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு கருத்தை நிறுவ வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இது துணைக்கு வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாரும் “யானைக்கும் அடி சறுக்கும்” என்று சொல்வதில்லை. கணக்கில் புலியாக இருந்தவர் ஒருநாள் கூட்டலில் கோட்டைவிட்டால் அந்த வார்த்தை தானாக வரும்.

பழமொழி தனியாக நிற்கும் முழு வாக்கியம். “எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி” என்பது உவமை; முன்னால் யாராவது ஒருவரைப் போட்டால்தான் முடியும். “குரங்குப் பிடி” வெறும் மரபுத்தொடர். பேச்சில் மூன்றும் கலந்தே வருகின்றன, பரீட்சை எழுதுகிறவர்களைத் தவிர மற்றவர்கள் பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பழமொழிகளையே சரக்காக வைத்து ஒரு நூல் பழங்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு, பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்று. ஒவ்வொரு வெண்பாவிலும் ஒரு பழமொழி வைத்திருக்கிறார். நாம் இன்று “பாம்பின் கால் பாம்பறியும்” என்கிறோம். அதில் “பாம்பறியும் பாம்பின கால்” என்று இருக்கிறது. சொற்கள் இடம் மாறியிருக்கின்றன, பாம்பு அப்படியே இருக்கிறது. ஒரு கற்றவரின் கல்வியை இன்னொரு கற்றவரால்தான் அளக்க முடியும் என்பதற்கு அரையனார் இதைச் சொன்னார். இன்று ஒரு திருட்டுத்தனத்தை இன்னொரு திருடன் கண்டுபிடிப்பான் என்கிற இடத்திலும் நாம் சொல்கிறோம். புலவரிடமிருந்து திருடன் வரைக்கும் வந்திருக்கிறது அந்தப் பாம்பு.

எருதின் கழுத்தும் குளிர்ந்த அடுப்பும்

“எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா?” என்ற பழமொழியை நான் மிகவும் மதிக்கிறேன். இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஏர் பூட்டிய மாட்டின் கழுத்தில் நுகத்தடி உட்காரும் இடம் ஒன்றுண்டு, திமிலுக்குச் சற்று முன்னால். நாள் முழுக்க அங்கே மரம் உரசும். உழவுக் காலத்தில் அந்த இடத்துத் தோல் வழன்று புண்ணாகிவிடும். ஆறுவதற்குள் மறுநாள் விடிந்துவிடும், நுகம் மறுபடி ஏறும். மேட்டில் அவிழ்த்துவிட்ட மாட்டின் மேல் காக்கை வந்து உட்காருவது வழக்கம்தான். உண்ணி பொறுக்க வரும், மாட்டுக்கும் அது சுகம். ஆனால் புண் இருந்தால் காக்கை புண்ணைக் கொத்தும். வால் வீசிப் பின்பக்கத்து ஈயை விரட்டலாம். கழுத்துக்கு வால் எட்டாது. மாடு தலையை உதறும். காக்கை ஒரு முழம் எழும்பி, திரும்ப அதே இடத்தில் வந்து உட்காரும்.

இவ்வளவையும் பார்த்த ஒருவர்தான் இதைச் சொல்லியிருக்க முடியும். இதில் காக்கை கொடியது அல்ல. அது பசிக்குத் தின்கிறது, மாட்டை வதைக்க வரவில்லை. ஆகவே இந்தப் பழமொழியைக் கெட்ட எண்ணத்தோடு தீங்கு செய்பவரைப் பற்றிச் சொன்னால் பொருந்தாது. அடுத்தவர் வலியில் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டு, அது வலி என்றே தெரியாமல் இருப்பவருக்குத்தான் அளவெடுத்த மாதிரி இருக்கும். இரவு 10 மணிக்கும் கூப்பிட்டு வேலை சொல்கிற மேலாளரைப் பற்றி, வீட்டில் காய்ச்சலோடு இருக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா இதைச் சொல்லலாம்.

இன்னொன்று, “அடுப்புல பூனை தூங்குது.” வறுமையைச் சொல்ல இதைவிடச் சின்ன வாக்கியம் எனக்குத் தெரியாது. விறகடுப்பு வைத்திருந்த வீடுகளில் பூனைக்கு அடுப்படியின் கதகதப்பு பிடிக்கும். சாம்பல் ஆறியதும் அடுப்புக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். காலையில் அடுப்பு மூட்டும்போது எழுந்து ஓடிவிடும். பகலிலும் பூனை அங்கேயே தூங்கினால், அந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று அர்த்தம். அரிசி இல்லை, பணம் இல்லை, பட்டினி என்று எதையும் சொல்லாமல் எல்லாம் சொல்லியாகிவிட்டது. புறநானூற்றின் 164ஆம் பாட்டில், குமணனிடம் போன பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருப்பதைச் சொல்வார். காளான் இருந்த இடத்தில் பேச்சுத் தமிழ் பூனையைப் படுக்க வைத்திருக்கிறது. கேஸ் அடுப்பு வந்த பிறகு பிறந்தவர்களுக்கு இந்தப் பூனையை விளக்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ஊருக்கு ஏற்ற விலங்கு

எந்த நிலத்தில் எது கண்ணில் படுகிறதோ அதுதான் வாயில் வரும். ஆற்றுப்பாசனம் உள்ள பக்கத்தில் கொக்கு, நண்டு, வரால், அயிரை. பனங்காட்டுப் பக்கம் காக்கையும் பனம்பழமும்.

“காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை” என்று தமிழ்நாட்டில் சொல்வோம். யாழ்ப்பாணத்தார் பேச்சில் காக்கா இல்லை, ‘காகம்’தான்; அங்கே காகம் இருக்கப் பனம்பழம் விழும். பனம்பழம் நல்ல கனமானது. நன்றாகப் பழுத்துவிட்டால் காம்பு விட்டுத் தானே தொப்பென்று விழும். அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை குலை மேல் உட்கார்ந்தால், காக்கைதான் தள்ளிவிட்டது என்று கீழே இருப்பவருக்குத் தோன்றும். இரண்டு காரியம் அடுத்தடுத்து நடந்தால் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று நினைத்துவிடாதே என்பது பாடம். வடமொழியில் இதே கருத்து ‘காகதாலீய நியாயம்’ என்று வழங்கும். அங்கும் காக்கையும் பனையும்தான்.

கொக்கைப் பற்றிச் சொல்ல ஔவையின் மூதுரைப் பாட்டைவிட நல்லது இல்லை. “மடைத்தலையில் ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு.” எங்கே நிற்கிறது என்று சொல்லிவிட்டார் பாருங்கள்: மடைத்தலை. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய்கிற இடம் அது. தண்ணீரோடு பொடி மீன் எல்லாம் அந்தக் குறுகலான வழியாகத்தான் வந்தாக வேண்டும். கொக்கு அதைத் தேர்ந்தெடுத்து நிற்கிறது. பலரும் இதைப் பொறுமைக்கு மட்டும் உதாரணமாகச் சொல்கிறார்கள். இடம் பார்த்து நிற்பதும் அந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. பாட்டில் ஔவை இதைச் சொன்ன நோக்கம் இன்னும் வேறு: அடக்கமாக இருப்பவரை அறிவில்லாதவர் என்று எண்ணி ஏறி மிதிக்கப் பார்க்காதே என்பதற்காகச் சொன்னார்.

அயிரையும் வராலும் நன்னீர் மீன்கள். அயிரை விரல் நீளம்கூட வராது. வரால் கை நீளம் வளரும், சின்ன மீன்களைப் பிடித்துத் தின்னும். தூண்டிலில் அயிரையைக் கோத்துப் போட்டால் வரால் வந்து கவ்வும். சின்னதாக ஒன்றைக் கொடுத்துப் பெரியதைக் கறக்கப் பார்ப்பவரை ‘அயிரை இட்டு வரால் வாங்குபவர்’ என்று பழமொழி நானூறே சொல்லிவிட்டது. பண்டிகைக்கு ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்து, போகும்போது பெரிய சிபாரிசு ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகிறவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வேளாண்மைப் பழமொழிகள் தனி வகை. அவற்றில் விலங்கு உவமையாக வராது, நேராகவே வரும். “நண்டோட நெல்லு, நரியோடக் கரும்பு, வண்டியோட வாழை, தேரோடத் தென்னை.” இது நடவு இடைவெளிக் கணக்கு. நெல் நாற்றுகளுக்கு நடுவே ஒரு வயல் நண்டு ஓடிப் போக வழி வேண்டும். பார் என்கிற கரும்பு வரிசைகளுக்கு நடுவே நரி ஓட வேண்டும். வாழைக்கு மாட்டு வண்டி, தென்னைக்குத் தேர். அளவுகோல் இல்லாதவருக்கு இது போதும். இன்றைய பரிந்துரைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கரும்புப் பாருக்கு 3 அடி என்பது பழைய வழக்கம், இப்போது 5 அடி வரை விடச் சொல்கிறார்கள். வாழைக்கு 6 அடி, தென்னைக்கு 25 அடி. நண்டும் நரியும் வண்டியும் தேரும் வரிசை தவறவில்லை.

“ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்” என்பதும் அப்படித்தான். ஆட்டுப் புழுக்கை மண்ணில் சீக்கிரம் மட்கிப் பயிருக்குக் கிடைத்துவிடும். மாட்டுச் சாண எரு மெதுவாகக் கொடுக்கும். ஆட்டு எருவில் தழைச்சத்து ஏறக்குறைய 3 சதவீதம், மாட்டுத் தொழு உரத்தில் அரை சதவீதத்தை ஒட்டி. அதனால்தான் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்க வரும் கீதாரிகள் அறுவடை முடிந்ததும் தஞ்சைப் பக்கம் ஆடுகளை ஓட்டி வந்தால், வயல்காரர்கள் கூலி கொடுத்துக் கிடை போடச் சொல்கிறார்கள். ஓர் இரவு ஆடுகள் படுத்து எழுந்தால் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலிலேயே விழுந்துவிடும். எருவை வண்டி வைத்துச் சுமக்க வேண்டாம்.

மழைக்கும் உண்டு: தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை, தவளை கத்தினால் மழை.

சகுனம் பார்ப்பதைப் பற்றியும் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட மனமில்லை. “நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து பிடுங்காம இருந்தா போதும்.” சகுனத்தை நம்புகிற ஊரிலிருந்தே இப்படி ஒரு குரலும் வந்திருக்கிறது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பழமொழி விலங்கியல் பாடம் அல்ல

விலங்கைப் பாருங்கள் என்று சொன்னேன். ஆனால் பழமொழி விலங்கைப் பற்றிச் சொல்வது எல்லாம் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. “யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட மாதிரி” என்று, தன்னைத் தானே கெடுத்துக்கொள்பவரைச் சொல்கிறோம். உண்மையில் யானை செய்வது புத்திசாலித்தனமான காரியம். வெயிலிலிருந்தும் பூச்சிக்கடியிலிருந்தும் தோலைக் காத்துக்கொள்ளத்தான் அது மண்ணைப் பூசிக்கொள்கிறது. குளித்துவிட்டு வந்து மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது மனிதக் கண்ணுக்கு வீண் வேலையாகத் தெரிந்திருக்கிறது. பழமொழிக்கு அந்தப் பார்வை போதும்.

பாம்புக்குக் கால் ஏது என்ற கேள்வியும் வரும். கால் இல்லாததுதான் அங்கே விஷயம். நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வைத்து அது நகர்கிறது. அது என்ன என்று இன்னொரு பாம்புக்குத்தான் தெரியும்.

“குரைக்கிற நாய் கடிக்காது” என்பதை மட்டும் தெருநாயிடம் சோதித்துப் பார்க்க வேண்டாம். வாய்ச்சவடால் விடுகிறவர் செயலில் இறங்கமாட்டார் என்று மனிதரைப் பற்றிச் சொன்னது அது. குரைக்கிற நாயும் கடிக்கும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். குழந்தைகளுக்கு இந்தப் பழமொழியைச் சொல்லிக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

‘உண்மையான அர்த்தம்’ என்று வருபவை

வாட்ஸ்ஆப்பில் அடிக்கடி சுற்றி வரும், “இந்தப் பழமொழியின் உண்மையான அர்த்தம் உங்களுக்குத் தெரியுமா?” என்று. “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?” என்பதில் வரும் கழுதை கழுதை அல்ல, ‘கழு’ என்ற கோரைப்புல். அதில் பாய் தைத்தால் கற்பூர வாசனை வரும். “மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?” என்பதில் வரும் மண்குதிரை குதிரை அல்ல, ‘மண்குதிர்’ என்ற மணல்மேடு. இப்படிப் பல. படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை விலங்கைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு சொல்லை வைக்கின்றன, அதற்கு அவசியமே இல்லை. துணி மூட்டை சுமக்கிற கழுதைக்குக் கற்பூரத்தின் அருமை தெரியாது என்பதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? மண்குதிரையும் அப்படித்தான். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் கோயில்களுக்குப் போனால் வரிசை வரிசையாக மண்குதிரைகள் நிற்கும். வேளார்கள் செய்து கொடுக்க, புரவி எடுப்புத் திருவிழாவில் ஊரே சுமந்துகொண்டு போய் வைக்கும். பார்க்க ஆள் உயரத்துக்கு மேல், சேணம் மணி எல்லாம் வைத்துக் கம்பீரமாக இருக்கும். அதை நம்பி ஆற்றில் இறங்க முடியுமா? அந்தக் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு மணல்மேடு தேவைப்படாது.

பழைய தொகுப்புகள் இந்த இடத்தில் உதவும். பீட்டர் பெர்சிவல் 1840களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழித் தொகுப்பை வெளியிட்டார். 1874இல் சென்னையில் வந்த அவருடைய பெரிய தொகுப்பில் 6,000க்கும் மேல் இருக்கின்றன. 1897இல் ஹெர்மன் ஜென்சன் பொருள்வாரியாகப் பிரித்து ஒன்று போட்டார். புதிதாக ஒரு ‘உண்மையான அர்த்தம்’ வந்தால், நூற்றைம்பது வருடத்துக்கு முன் மக்கள் அதை எந்த வடிவத்தில் சொன்னார்கள் என்று இவற்றில் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

தொகுப்புகளைப் புரட்டினால் மனம் நோகச் செய்பவையும் நிறைய வரும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துபவை, பெண்ணை மட்டம் தட்டுபவை. “பொட்டைக் கோழி கூவியா பொழுது விடியும்?” என்று எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள்! சேவல் கூவாவிட்டாலும் பொழுது விடியத்தான் போகிறது. இப்படிப்பட்டவற்றை வரலாற்றுக்காகப் படிக்கலாம், பேச்சில் எடுத்தாள வேண்டிய அவசியம் இல்லை. அப்புறம், யாரிடம் சொல்கிறோம் என்பதும் இருக்கிறது. “எலி வளையானாலும் தனி வளை” என்று புது வீடு கட்டிய நண்பரே தன் வீட்டைச் சொன்னால் அழகு. வாசலில் நின்றுகொண்டு நாம் சொன்னால் அவர் வீட்டை எலி வளை என்றதாகிவிடும். பெரியவர்களை நேரில் வைத்துக்கொண்டு கழுதை, நாய், எருமை வருகிற எதையும் எடுக்காமல் இருப்பது நல்லது.

சேகரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. ஆச்சியின் முன்னால் செல்போனை நீட்டி “பழமொழி சொல்லுங்க” என்றால் இரண்டு மூன்றுக்கு மேல் வராது. “ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.” கூட உட்கார்ந்து கீரை ஆயுங்கள், ஊர்க்கதை கேளுங்கள், உறவுக்காரர் ஒருவரின் பேச்சை எடுத்துக் கொடுங்கள். தானாக வந்து விழும். விழுந்ததும் குறுக்கே பேசாமல் இருந்து, கதை முடிந்த பிறகு கேளுங்கள்: அந்த ஓணானை எங்கே பார்த்தீங்க ஆச்சி, அந்த நண்டு எந்த மாசம் வளையை விட்டு வரும்? எந்த ஊரில், யாரைப் பற்றி, எந்த வார்த்தையில் சொன்னார் என்பதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம்.